சீட் மணி கமிட்டியில நடந்தது

ஏய் மீனு,

நீ திட்டி அனுப்பின மெசேஜ் பாத்தேன்டி. எல்லாரும் நல்லா இருக்கோம், அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிஞ்சு மறுபடி சீரியல் பாக்க ஆரம்பிச்சாச்சு, சின்னவன் ஒன்பதாவது, பெரியவ ஹாஸ்டல்.   சரி, சீட் மணிக்கு ப்ரபோசல் எழுதுறது வீண் வேலைன்னு சொன்னியே, அந்த விஷயத்துக்கு வரேன். போன்ல சொன்னா நீ பாதியிலயே "சரிடி சரிடி"ன்னு வச்சிடுவ, அதான் எழுதுறேன், முழுசா படிக்கணும்.

இந்த வருஷம் எங்க யுனிவர்சிட்டியில சீட் மணி கமிட்டியில, அதாவது வாத்தியாருங்க ஆராய்ச்சி ஆரம்பிக்க யுனிவர்சிட்டியே குடுக்குற சின்னப் பணத்தைப் பிரிக்கிற கமிட்டியில, என்னையும் போட்டாங்க. ஒருத்தருக்கு அதிகபட்சம் 2 லட்சம், ஒரு வருஷம், பத்து பக்கம் ப்ரபோசல், பத்து நிமிஷம் பிரசன்டேஷன். இத்தனை நாளா டேபிளுக்கு அந்தப் பக்கம் நின்னே பழகினவ, இந்தப் பக்கம் உக்காந்து பாத்தப்பதான் பணம் எப்படிப் பிரியுதுன்னு புரிஞ்சுது. அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரலடி.

கெமிஸ்ட்ரியில ஒரு பொண்ணு, சேர்ந்து ரெண்டு வருஷம்கூட ஆகல. தர்மபுரி பக்கம் பென்னாகரம், பாலக்கோடு சுத்தி போர்வெல் தண்ணியில ஃப்ளூரைடு பாக்கணும்னு வந்திருந்தா. அந்தப் பக்கம் பாறையில இருக்குற ஃப்ளூரைடு தண்ணியில கரைஞ்சு வந்து பிள்ளைங்க பல்லு காவி அடிச்சு நிக்கும், நீயும் பாத்திருக்க. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரைக்கும்தான் நல்லது, வேற தண்ணியே இல்லைன்னா 1.5 வரைக்கும் பொறுத்துக்கலாம்னுதான் இந்தியத் தரமே சொல்லுது. ஒகேனக்கல் திட்டத்துல காவிரித் தண்ணி வந்தும் சமையலுக்கும் மாட்டுக்கும் போர் தண்ணியையே எடுக்குற வீடுங்க இருக்குன்னு சொன்னா. அவ கேக்குற கேள்வி ரொம்ப நேரான கேள்வி. மழை பெஞ்சா சில கிணத்துல ஃப்ளூரைடு குறையும், புதுத் தண்ணி கலந்து நீர்த்துப் போறதால. சில கிணத்துல ஏறும், மேல இருக்குற மண்ணுலேர்ந்தும் உளுத்த பாறையிலேர்ந்தும் கழுவி இறங்குறதால. எந்த ஊர்ல எதுன்னு தெரிஞ்சா எந்த மாசம் எந்த போர்ல குடிக்கலாம்னு ஜனங்களுக்குச் சொல்லலாம். அதுக்கு மழைக்கு முன்னாடி ஒரு தடவை, பின்னாடி ஒரு தடவை தண்ணி எடுக்கணும், அவ்வளவுதான்.

பட்ஜெட்ல ஃப்ளூரைடு அளக்குற எலக்ட்ரோடு, அதுக்குச் சேர்க்குற பஃபர் கரைசல், 200 பாலித்தீன் பாட்டில், மீதி வண்டிக்கு. கமிட்டியில ஒரு சீனியர் எடுத்த எடுப்புல "லேப்ல கண்ணாடி பாட்டில் அத்தனை கிடக்குதே, எதுக்கும்மா பிளாஸ்டிக்?"னு கேட்டாரு. அவ பதறாம, ஃப்ளூரைடு கண்ணாடியோட சேரும் சார், கண்ணாடியில வச்சா ரீடிங்க நம்ப முடியாதுன்னு சொன்னா. அடுத்தது "டிராவலுக்கு கைட்லைன்ல இடம் இல்ல." ஊர் ஊராப் போகாம தண்ணி எப்படி லேபுக்கு வரும், சொல்லு? கான்ஃபரன்ஸ் போறவங்களைத் தடுக்க எழுதின ரூல், கிணத்தடிக்குப் போறவள மறிக்குது. நான் கிட்டத்தட்ட சண்டை போட்டேன். கடைசியில 1.8 லட்சம் கேட்டவளுக்கு 75,000, வண்டி செலவு "சில்லறைச் செலவுக்கான கன்டிஞ்சன்சியில பாத்துக்கோங்க"ன்னு.

வெளியில ஏற்கனவே பெரிய ப்ராஜெக்ட் வச்சிருக்குற ஒருத்தருக்கு முழு 2 லட்சமும் போச்சு. "ட்ராக் ரெக்கார்டு இருக்கு"ங்கிறதுதான் காரணம். ட்ராக் ரெக்கார்டு இல்லாதவங்களுக்கு அதை உண்டாக்கிக் குடுக்கத்தானேடி இந்தப் பணமே? ஹிஸ்டரிக்காரர் ஒருத்தர் எழும்பூர் ஆவணக் காப்பகத்துல உக்காந்து பழைய ரெவின்யூ ஃபைல் படிக்கணும், தங்குற செலவு 40,000 போதும்னாரு. "இதுல பேட்டன்ட் வருமா?"ன்னு கேட்டாங்க. மனுஷன் முகம் அப்படியே விழுந்துடுச்சு. அவருக்கு ஒண்ணுமே இல்ல.

இதைவிடப் பெரிய கொடுமை காலண்டர். செப்டம்பர்ல ப்ரபோசல் அனுப்பச் சொல்லி கால் விட்டோம், நவம்பர்ல பிரசன்டேஷன், ஜனவரியில சாங்ஷன் ஆர்டர், பணம் கணக்குல ஏறுறப்ப பிப்ரவரி. மார்ச் 31-க்குள்ள செலவு பண்ணி யூசி, அதாவது செலவுச் சான்றிதழ், குடுக்கணும், மிச்சம் இருந்தா திருப்பிக் கட்டணும். வடகிழக்குப் பருவமழை அக்டோபர்லேர்ந்து டிசம்பர். அந்தப் பொண்ணோட ரெண்டு சாம்பிளிங்கும் பணம் வர்றதுக்குள்ளயே முடிஞ்சிருக்கணும்! பணம் வர்றப்ப கிணத்துத் தண்ணி இறங்க ஆரம்பிச்சிருக்கும். அப்புறம் அவ என்ன பண்ணுவா, எல்லாரும் பண்றதைத்தான் பண்ணுவா, மார்ச்ல ப்ரிண்டரும் கெமிக்கலும் வாங்கி பில்லு வச்சு கணக்கை முடிப்பா. இதைத் தப்புன்னு அவ மேல சொல்ல முடியுமா? பூச்சி, பயிர், ஏரி, மீன்வலைன்னு சீசன் பாத்து வேலை செய்யிற எல்லாருக்கும் இதே கதிதான். வருஷக்கணக்கா இப்படியே போனா ஆளுங்க மெதுவா மார்ச்சுக்குள்ள முடியிற மாதிரி கேள்வியா பாத்துப் பாத்து எடுக்க ஆரம்பிச்சிடுறாங்க, எதை ஆராய்ச்சி பண்றதுங்கிறத அக்கவுன்ட்ஸ் செக்‌ஷன் முடிவு பண்ணுது. இதுதான் மீனு எனக்கு மனசு ஆறல.

காலேஜ், யுனிவர்சிட்டிக்குத் தர மதிப்பீடு குடுக்குற நாக் (NAAC) கேள்வித்தாள்ல மூணாவது கிரைட்டீரியாவுல, டீச்சர்களுக்கு சீட் மணி வருஷத்துக்கு எத்தனை லட்சம் குடுத்தீங்கன்னு ஒரு கேள்வி இருக்கு. அதனால எத்தனை லட்சம்ங்கிறதுல எல்லாருக்கும் அக்கறை இருக்கு, எந்த மாசம் குடுத்தோம், அதுலேர்ந்து என்ன வந்துச்சுன்னு கேக்க ஆளில்லை.

இப்ப உன் விஷயம். "2 லட்சத்துக்கு யாருடி இவ்வளவு பேப்பர் எழுதுவா, ப்ரமோஷனுக்கும் பாயின்ட் தேறாது"ன்னு சொன்னியே, எனக்குக் கோவமே வந்துச்சு. பாயின்ட் கணக்கு எனக்கும் தெரியும், யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 ரெகுலேஷன்ல 10 லட்சத்துக்கு மேல முடிச்ச ப்ராஜெக்டுக்கு 10 பாயின்ட், கீழ இருந்தா 5. ஆனா நம்ம கைடு எப்படி வளர்ந்தாருன்னு யோசிச்சுப் பாரு. சின்ன ஆராய்ச்சிக்கு யூஜிசி குடுத்த மைனர் ப்ராஜெக்ட் பணத்துலதானே நமக்கு அந்த முதல் பிஎச் மீட்டரே வந்துச்சு. பன்னெண்டாவது அஞ்சாண்டுத் திட்டத்துல சயின்ஸுக்கு 5 லட்சம், ஆர்ட்ஸுக்கு 3 லட்சம் வரைக்கும் மைனர்லயே குடுத்தாங்க, காலேஜ் வாத்தியாருங்க எத்தனை பேருக்கு அதுதான் முதல் படி. இப்ப அந்தக் கதவு சாத்தியாச்சு. 2022 செப்டம்பர் 5 அன்னைக்கு யூஜிசி புதுசா அறிவிச்சாங்களே, வேலையில இருக்குறவங்களுக்கு 10 லட்சம்னு, இந்தியா முழுக்க 200 பேர். புதுசா சேர்ந்தவங்களுக்கு விஞ்ஞானி டி.எஸ். கோத்தாரி பேர்ல 10 லட்சம், அது 132 பேர். நாடு முழுக்க எத்தனை காலேஜ், அதுல எத்தனை வாத்தியாருங்க, யோசிச்சுப் பாரு.

மேல போனா ஏஎன்ஆர்எஃப், அதாவது மத்திய அரசோட தேசிய ஆராய்ச்சி நிதி அமைப்பு. 2023 சட்டம், முன்னாடி கிரான்ட் குடுத்துட்டு இருந்த செர்ப் (SERB) வாரியத்தை அதுக்குள்ள இழுத்துக்கிட்டாங்க. அஞ்சு வருஷத்துல 50,000 கோடின்னு சொன்னாங்க, அதுல 14,000 கோடிதான் அரசுப் பணம், மீதி பெரும்பாலும் தனியார்கிட்டேர்ந்து வரணும். இளம் ஆசிரியர்களுக்கான கிரான்ட் மூணு வருஷத்துக்கு 60 லட்சம். நல்ல திட்டம், நான் குறை சொல்லல. ஆனா கையில ஒரு கிராஃப்கூட இல்லாம அங்க போய் நின்னா "ப்ரிலிமினரி டேட்டா எங்க?"ன்னுதான் ரெவ்யூவர் கேப்பாரு. அந்த டேட்டாவை யார் காசுல எடுக்குறது? சம்பளத்துலேர்ந்து பெட்ரோல் போட்டு எத்தனை பேர் எடுக்குறாங்கன்னு உனக்கே தெரியும், நீயே பண்ணிருக்க. உள்ள இருந்து வர்ற இந்தச் சின்னப் பணம்தான் அந்த இடைவெளிய அடைக்கணும். உன் அலையாத்திக் காட்டு நத்தை ஆராய்ச்சிக்கு ஒரு வருஷ டேட்டா இருந்தா போதும்டி, நீ எங்கயோ போயிடுவ. தயவுசெஞ்சு இந்தத் தடவை போடு.

நான் சும்மா புலம்பிட்டு இருக்கல. ரெஜிஸ்ட்ராருக்கு ஒரு நோட் எழுதிக் குடுத்துட்டேன். கால் பிப்ரவரியில, பணம் ஜூன்ல. செலவாகாத பாக்கி அடுத்த நிதியாண்டுக்குப் போகணும். ஃபீல்டு வேலைக்கு டிராவல் பட்ஜெட்ல தனித் தலைப்பா வேணும். வெளிப் ப்ராஜெக்ட் கையில இருக்குறவங்க கடைசி வரிசை. ஆர்ட்ஸுக்குத் தனியா ஒதுக்கணும், அதை ஆர்ட்ஸ் ஆளுங்களே மதிப்பிடணும். வாங்குற நடைமுறையையும் தொட்டேன், 2025 ஜூன்ல மத்திய நிதி அமைச்சகமே ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு விதியைத் தளர்த்தி, கொட்டேஷன் இல்லாம வாங்குற வரம்பை 1 லட்சத்துலேர்ந்து 2 லட்சமாக்கி, அரசுக் கொள்முதலுக்கான ஜெம் போர்ட்டலுக்கு வெளியில வாங்கவும் இயக்குநர், துணைவேந்தர் அளவுலயே முடிவு பண்ணலாம்னு விட்டாச்சு. நாம ஒரு எலக்ட்ரோடுக்கு மூணு கொட்டேஷன் வாங்கி, அது வர்றதுக்குள்ள அந்தப் பொண்ணோட சீசனே போயிடுது.

ரெஜிஸ்ட்ரார் படிச்சுட்டு, "பாக்கிய அடுத்த வருஷத்துக்கு எடுத்துட்டுப் போறதுக்கு வேற எங்கயாவது ஆர்டர் இருந்தா காட்டுங்கம்மா, ஃபைனான்ஸ் கமிட்டியில வைக்கிறேன்"னாரு. அதுக்குத்தான் உன்கிட்ட வரேன். உங்க மேனேஜ்மென்ட் போன வருஷம் சீட் மணியை ரெண்டு வருஷக் கணக்கா மாத்தினாங்கன்னு சொன்னியே, அந்த சர்க்குலர்ல லோகோவும் பேரும் மறைச்சாலும் பரவால்ல, ஒரு போட்டோ எடுத்து வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பு. கூடவே உன் ப்ரபோசல் டிராஃப்டும் அனுப்பு, பட்ஜெட் பக்கத்தை நான் பாக்குறேன், பாட்டிலுக்கு ஏன் பிளாஸ்டிக்குனு ஒரு வரி முன்னாடியே எழுதி வச்சிடுவோம்.

உன்
சுமி