கடிதம் எழுதியதும் வேலைதான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பண்டைய எகிப்தை ஆராயும் எகிப்தியல் துறையின் முன்னோடிகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் அமீலியா எட்வர்ட்ஸுக்கு ஒரே ஒரு வரி ஒதுக்கியிருந்தீர்கள். நைல் நதியில் பயணம் போய் வந்து 'கடிதங்கள் எழுதிக்கொண்டிருந்த நாவலாசிரியை'யாம். அதைப் படித்ததும் இதழை மூடிவிட்டேன். மறுநாள்தான் மீண்டும் கையில் எடுக்க மனம் வந்தது.

தங்களுக்குத் தெரியாததல்ல. 1873-74இல் நைலில் போனபோது கோயில்கள் பாழாகிக் கிடந்ததை நேரில் பார்த்து மனம் நொந்தவர் அவர். திரும்பி வந்து விடாமல் எழுதி, பேசி, 1882இல் ரெஜினால்ட் ஸ்டூவர்ட் பூல் முதலானோருடன் சேர்ந்து லண்டனில் எகிப்து அகழாய்வு நிதியத்தைத் தொடங்கினார். அவரும் பூலும் கௌரவச் செயலாளர்கள். சந்தாவும் நன்கொடையும் வந்தால்தான் தோண்ட ஆள் அனுப்ப முடியும். கட்டுரையில் பத்தி பத்தியாக வரும் நவீலும் பெட்ரியும் இந்த நிதியத்துக்காகப் போய்த் தோண்டியவர்கள்தான். அந்தப் பணத்தைக் கேட்டுக் கேட்டு எழுதிய கை யாருடையது? 1886இல் பெட்ரி நிதியத்தோடு மனம் கசந்து விலகியபோது, மான்செஸ்டர் பருத்தி வணிகர் ஜெஸ்ஸி ஹாவர்த்தின் பண உதவி அவருக்குக் கிடைக்க வழி செய்ததும் எட்வர்ட்ஸ்தான். அதுவும் கடிதத்தில் நடந்த காரியம்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். எங்கள் ஊர் வாசகசாலைக்குப் பத்தொன்பது வருடம் செயலாளராக இருந்தேன். அலமாரிக்கு, மின்விசிறிக்கு, நாளிதழ் சந்தாவுக்கு என்று எத்தனை இன்லண்ட் கடிதம், எத்தனை அஞ்சலட்டை! வெள்ளிவிழா மலரில் தலைவர்களின் படம் வந்தது, நன்கொடையாளர் பெயர்கள் வந்தன. என் பெயர் இல்லை. சரி, போகட்டும் என்று விட்டேன். அப்புறம் வெள்ளையடிக்கும்போது கடிதக் கட்டுகளை எல்லாம் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டார்கள். இனி யார் வந்து கேட்டாலும், அந்தப் புத்தகங்கள் எப்படி வந்தன என்று சொல்ல ஒரு தாள் இல்லை.

லண்டனில் அப்படி விட்டுவிடவில்லை. நிதியத்தின் கடிதங்கள் அதன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஆக்ஸ்ஃபோர்டில் எகிப்தியல் ஆய்வுக்கான கிரிஃபித் நிறுவனத்திலும் இந்த வட்டத்தாரின் கடிதங்கள் உண்டு. எந்த ஊரில் கிடைத்த பொருள் எந்த அருங்காட்சியகத்துக்குப் போனது என்று இன்றைக்கும் இப்படிப்பட்ட கடிதங்களையும் பட்டியல்களையும் வைத்துத்தான் தேடுகிறார்கள். அந்த கிரிஃபித் நிறுவனத்துக்கு வந்த செல்வத்திலும் கேட் பிராட்பரி என்ற பெண்ணின் குடும்பச் சொத்து இருக்கிறது. எட்வர்ட்ஸ் 1889-90இல் அமெரிக்காவில் ஊர் ஊராகச் சொற்பொழிவாற்றியபோது கூடவே போனவர் அவர். அந்தப் பயணத்தில் கை முறிந்தும் எட்வர்ட்ஸ் பேச்சை நிறுத்தவில்லை. பிராட்பரியின் பெயர் உங்கள் கட்டுரையில் தேடியும் கிடைக்கவில்லை.

1892இல் எட்வர்ட்ஸ் இறந்தபோது, தம் நூல்களையும் சேகரிப்பையும் பணத்தையும் லண்டன் பல்கலைக் கல்லூரிக்கு எழுதி வைத்தார். பெண்களுக்கும் பட்டம் தந்த இடம் அது. இங்கிலாந்தின் முதல் எகிப்தியல் பேராசிரியர் என்று பெட்ரியைக் கொண்டாடியிருக்கிறீர்கள். அந்தப் பேராசிரியர் இருக்கையைப் போட்டுக் கொடுத்தவர் இவர்தானே ஐயா?

இரண்டு வருடம் முன்பு பெண் கல்வெட்டாய்வாளர்களைப் பற்றி நான் எழுதிய கடிதத்தைப் பாதியாக வெட்டி, பெயர்கள் இருந்த பத்தியை மட்டும் நீக்கி வெளியிட்டீர்கள். இடமில்லை என்று பதில் வந்தது. நானும் மறுபேச்சு பேசவில்லை. சந்தாவையும் நிறுத்தவில்லை.

இந்த முறை அதிகம் கேட்கவில்லை. அடுத்த இதழில் ஒரு வரி: 'அமீலியா எட்வர்ட்ஸ், எகிப்து அகழாய்வு நிதியத்தின் நிறுவனர்களில் ஒருவர், அதன் செயலாளர்.' மூலையில் சின்ன எழுத்தில் போட்டாலும் போதும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் சந்தாதாரர்