கல்யாண மண்டபம் கட்டுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மண்டப உரிமையாளர்களுக்கும், வரைபடம் போட்டுத் தரும் பொறியாளர்களுக்கும் வணக்கம்.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்கு அப்பாவைக் கூட்டிப் போயிருந்தேன். எழுபத்தெட்டு வயது, காதுக்கு மிஷின் வைத்திருக்கிறார். ஊரிலிருந்து அத்தையும் வந்திருந்தார். இரண்டு வருஷம் கழித்து அன்றுதான் பார்த்துக்கொள்கிறார்கள். மண்டப இரைச்சலில் அத்தை ஏதோ கேட்க, அப்பா "என்னம்மா? என்ன?" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் மிஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, அத்தையின் கையைப் பிடித்தபடி பேசாமல் உட்கார்ந்துவிட்டார்.

மேளக்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன். நாகசுரமும் தவிலும் கோயில் வீதியில் வாசிக்கிற வாத்தியங்கள். வாசலில் பந்தல் போட்டுக் கல்யாணம் நடந்தபோது, நாலு பக்கமும் திறந்திருந்ததால் சத்தம் வெளியே போய்விடும். இப்போது கிரானைட் தரை, டைல்ஸ் சுவர், கண்ணாடி, கான்கிரீட் கூரை. எதுவும் சத்தத்தை உறிஞ்சாது. ஒரு சொல் அடங்குமுன் அடுத்த சொல் அதன்மேல் ஏறுகிறது. எல்லோரும் குரலை உயர்த்துகிறார்கள். மைக் செட்காரர் இன்னும் கூட்டி வைக்கிறார்.

இதற்குக் கணக்கு இருக்கிறது. 1895-இல் ஹார்வர்டில் ஒரு வகுப்புக் கூடத்தில் பேச்சே புரியவில்லை என்று, அங்கே இயற்பியல் ஆசிரியராக இருந்த வாலஸ் சபைனிடம் அதைச் சரிசெய்யும் பொறுப்பைக் கொடுத்தார்கள். அவர் இன்னொரு அரங்கின் இருக்கை மெத்தைகளைத் தூக்கிவந்து அடுக்கி, எத்தனை மெத்தைக்கு எதிரொலி எவ்வளவு குறைகிறது என்று ராத்திரி ராத்திரியாக அளந்தார். அப்படிப் பிறந்த சூத்திரம் இது: சத்தம் அடங்க எத்தனை விநாடி ஆகும் என்று அறிய, கூடத்தின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, சத்தத்தை உறிஞ்சும் பரப்பால் (ஒவ்வொரு பரப்பையும் அது உறிஞ்சும் விகிதத்தால் பெருக்கிக் கூட்டியது) வகுக்க வேண்டும். எல்லாம் மீட்டர் கணக்கில்.

30 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம், 6 மீட்டர் உயரமுள்ள மண்டபம் வெறும் கல்லும் சிமெண்டுமாக இருந்தால், ஆளில்லாதபோது சத்தம் அடங்க ஆறு விநாடி ஆகும். பேச்சு புரிய ஒரு விநாடி அளவில் இருக்க வேண்டும். கூரையை மட்டும் நல்ல உறிஞ்சு பொருளால் மூடினாலே ஒன்றேகால் விநாடிக்கு வந்துவிடும்.

"ஜிப்சம் சீலிங் போட்டிருக்கிறோமே" என்பீர்கள். பூ வேலை செய்த வெறும் ஜிப்சம் பயன்படாது. துளை போட்ட பலகையும், அதன் பின்னால் கண்ணாடிக் கம்பளியோ (கண்ணாடி இழைப் பஞ்சு) ராக்வூலோ (பாறையை உருக்கி இழுத்த பஞ்சு) வேண்டும். தெர்மோகோல் ஒட்டாதீர்கள், சத்தத்தையும் குறைக்காது, தீயும் பிடிக்கும். ஹோமம் வளர்க்கிற இடம் அது. அப்புறம், முன்னால் இரண்டு பெரிய ஸ்பீக்கருக்குப் பதில், சின்னதாகப் பல ஸ்பீக்கர்களைப் பரவலாக வைத்துச் சத்தத்தைக் குறைக்கலாம்.

அடுத்த மண்டபத்துக்கு எஸ்டிமேட் போடும்போதே சீலிங்குக்கும் இடம் ஒதுக்குங்கள். சாப்பாட்டுக் கூடத்தை விட்டுவிடாதீர்கள். அப்பாவும் அத்தையும் பந்தியில் உட்கார்ந்து இன்னொரு முறை பேசிப் பார்த்தார்கள், அங்கேயும் முடியவில்லை.