செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கை வாட்ஸ்அப்பில் வரும். அதையாவது படித்துவிடவும்.

தென்னைக்கு நடுவே கோகோ வளர்க்கும் நம் சங்கத்தின் செயற்குழு இந்த ஆண்டில் ஐந்து முறை கூடியது. ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்றி மிட்டாய் கொடுத்தோம். மண் பரிசோதனை முகாம் ஒன்று நடந்தது. கோகோக் காயைக் குத்திக் கெடுக்கும் தேயிலைக் கொசுவுக்கு மருந்தடிக்கும் செயல்விளக்கம் மழையால் தள்ளிப்போய், அப்படியே நின்றுவிட்டது. பொங்கலுக்கு முன் வைத்த, கிளை கழிக்கும் கவாத்துப் பயிற்சிக்கு 60 பேருக்கு டீ, வடை சொல்லியிருந்தோம். வந்தவர்கள் 19 பேர். மீந்த வடையைப் பற்றி இனிப் பேச வேண்டாம்.

சரி, நாற்றுப்பண்ணை விஷயத்துக்கு வருகிறேன். கொஞ்சம் நீளும். பொறுத்துக்கொள்ளவும்.

2022 ஆடியில் 420 கோகோ ஒட்டுச்செடிகள் கொடுத்தோம். எல்லாமே என் தோப்பில் கிணற்றடியில் நிற்கும் ஒரே மரத்துக் குச்சியில் கட்டியவை. அந்த மரத்தை நீங்கள் பலரும் நேரில் வந்து பார்த்தீர்கள். அடிமரத்திலிருந்தே காய் ஒட்டிக்கொண்டு தொங்கும். "இதுலயே கட்டிக் குடுங்க" என்று கேட்டதும் நீங்கள்தான். அது இருக்கட்டும். போன செப்டம்பர் கூட்டத்தில் கோட்டூர்ப் பக்கத்து உறுப்பினர் ஒருவர் துண்டை அவிழ்த்து மேசைமேல் கொட்டினார். ஒரு கைப்பிடி கோகோப் பூ. வெள்ளையும் ரோஸுமாக, ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகம் அளவு. "ஏனுங்க செயலாளரே, மரம் பூரா பூவுங்க. ரெண்டு நாள்ல அத்தனையும் கீழ கெடக்குது. காய் ஒண்ணக் காணோமுங்களே" என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அன்று என்னிடம் பதில் இல்லை.

அடுத்த வாரமே பாலக்காடு தாண்டி வெள்ளானிக்கரைக்குப் போனேன். பஸ் செலவு என்னுடையது, சங்கக் கணக்கில் எழுதவில்லை. கேரள வேளாண் பல்கலைக்கழகம் அங்கே பல ஆண்டுகளாகக் கோகோ ஆராய்ச்சி நடத்துகிறது. விஷயம் இதுதான்: கோகோவில் நிறைய மரங்கள் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. ஒரே மரத்துக் குச்சியில் நூறு ஒட்டுக் கட்டினாலும் அந்த நூறும் ஒரே மரம்தான். ஒரே குலக் கூட்டத்துக்குள் நாம் பெண் எடுப்போமா? அதேதான். என் கிணற்றடி மரம் காய்க்கிறதே என்றால், அதைச் சுற்றி விதை போட்டு வளர்த்த பழைய மரங்கள் நிற்கின்றன. அவற்றின் மகரந்தம் இதற்குக் கிடைக்கிறது. உங்களில் பழைய மரங்களுக்கு நடுவே நட்ட ஏழு தோப்புகளுக்கு நானே போய்ப் பார்த்தேன். அங்கே காய் இருக்கிறது. வெறும் ஒட்டை மட்டும் வரிசையாக நட்ட இடங்களில்தான் பிரச்சினை.

இது என் தவறுதான். ஆனால் முழுக்க என் தவறு இல்லை. இந்தப் பூவுக்குத் தேனீ வராது. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு சின்னப் பூச்சிதான் மகரந்தம் கொண்டுபோகிறது. அது வளர்வது ஈரமான சருகிலும், உடைத்துப் போட்ட கோகோ ஓட்டிலும், அழுகிய வாழைமட்டையிலும். சில தோப்புகள் கல்யாண மண்டபம் மாதிரி கூட்டிப் பெருக்கிக் கிடக்கின்றன. சருகை விடுங்கள் என்று மூன்று ஆண்டாகச் சொல்கிறேன்.

பல்கலைக்கழகம் இந்தக் குணத்தையே தனக்குச் சாதகமாக்கிக்கொண்டது. தன் மகரந்தத்தை ஏற்காத, நன்றாகக் காய்க்கிற மரங்களாகப் பொறுக்கி, பல ரகங்களைக் கலந்து விதைத்தோட்டம் போட்டிருக்கிறார்கள். அங்கே பிடிக்கிற ஒவ்வொரு காயும் தானாகவே கலப்புதான். நாமும் இந்த ஆண்டு ஐந்து ரகக் குச்சிகள் வாங்கிவந்து ஒட்டுக்கட்டினோம். ஒட்டுக்கு அடியில் நிற்கும் வேர்ச்செடிக்கு விதைக்காயை உடைத்த கையோடு, கொட்டையைச் சாம்பலில் தேய்த்துச் சதையை நீக்கிப் பையில் ஊன்றினோம். கோகோ விதை நெல் மாதிரி இல்லை, காய்ந்தால் செத்துவிடும். புளிக்கவைத்துக் காயப்போட்ட கொட்டையை ஒரு படி கொண்டுவந்து "இதையும் மொளைக்கப் போடுங்க" என்ற உறுப்பினர் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். பேர் சொல்லவில்லை.

ரகம் தெரிய ஐந்து நிறத்தில் நூல் கட்டினோம். நிறத்துக்கு ஒன்றாக ஐந்து செடி ஒரு கட்டு, ஒரு ரகத்தைப் பக்கம் பக்கமாக நடக்கூடாது, இவ்வளவுதான் விதி. எங்கிருந்தோ சிவப்பு நூல்தான் பெரிய காய் காய்க்கும் என்று ஒரு பேச்சு கிளம்பியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சாப்பிடப் போன நேரத்தில் 70 சிவப்பு நூல் செடிகள் காணாமல் போயின. பணம் உண்டியலில் சரியாக இருந்தது, அதில் குறையில்லை. ஆனால் அந்தத் தோப்பில் மூன்றாம் ஆண்டு மறுபடி துண்டில் பூ வரும். அப்போது என்னிடம் வர வேண்டாம்.

காய் பிடிக்காத தோப்புகளில் ஐந்து மரத்துக்கு ஒன்றை வெட்டி, துளிர்த்ததும் வேறு ரக மொட்டு வைத்து ஒட்டித்தருகிறோம். இதுவரை நான்கு தோப்புகள் முடிந்தன. கூலி நிலத்துக்காரருடையது.

2024 ஏப்ரல், மே மாதங்களில் காய்ந்த கொட்டை கிலோ 1,000 ரூபாயைத் தொட்டது. கானாவிலும் ஐவரி கோஸ்ட்டிலும் விளைச்சல் விழுந்ததால் வந்த விலை அது, நம் கெட்டிக்காரத்தனத்தால் வந்ததில்லை. அப்போது இரவு பத்து மணிக்கும் போன் செய்து செடி பதிந்தீர்கள். மொத்தம் 1,100 செடிக்குப் பதிவு. விலை இறங்கியது, போனும் நின்றது. வெள்ளை ஈயும் வாடல் நோயும் தென்னையைத் தின்கிறபோது ஊடுபயிராவது கைகொடுக்கட்டும் என்றுதான் இதை ஆரம்பித்தோம். ஒரு வருட விலைக்காக இல்லை.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். வரவும் செலவும் ஏறக்குறைய சரியாக இருக்கிறது. நிழல்வலைக்கும் மோட்டார் ரிப்பேருக்கும் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகப் போனது. 86 உறுப்பினர்களில் 31 பேர்தான் 300 ரூபாய் சந்தா கட்டியிருக்கிறீர்கள். செடி வாங்கும்போது மட்டும் எல்லாருக்கும் உறுப்பினர் விலை வேண்டியிருக்கிறது.

பண்ணைக்கு இடமும் தண்ணீரும் கொடுக்கும் தலைவருக்கும், கணக்கை எழுதிய பொருளாளருக்கும் நன்றி. ஒட்டுக்கட்டும் அந்த இரண்டு பெண்களுக்குத் தனியாக நன்றி. நான் கட்டியதில் பாதிதான் பிடித்தது. அவர்கள் கட்டியதில் பத்துக்கு ஒன்றுகூடப் போகவில்லை.

அடுத்த ஆண்டுக்கு வேறு செயலாளரைப் பார்க்கச் சொல்லித் தலைவரிடம் சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார். அது போகட்டும். பதிந்துவிட்டு எடுக்காத 340 செடிகள் பண்ணையில் நிற்கின்றன. பையைத் துளைத்து வேர் தரையில் இறங்க ஆரம்பித்துவிட்டது. இன்னும் ஒரு மாதம் போனால் தூக்கும்போது ஆணிவேர் அறுந்துவிடும். தினமும் காலை 6 மணி முதல் 9 வரை அங்கேதான் இருப்பேன். வண்டியும் பாக்கிப் பணமும் கொண்டுவரவும். சிவப்பு நூலை மட்டும் தனியாகத் தர முடியாது.