உன் குதிரை வாலைத் தேய்ப்பது பற்றி

பொறையாறு பக்கம்,
கார்த்திகை

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் வந்தது. பேத்திக்குக் காது குத்தியதை ஒரு வரியில் முடித்துவிட்டு, குதிரை வாலைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். தங்கச்சி இதைப் படித்தாளா? படித்திருந்தால் உனக்கு அன்றைக்குச் சோறு கிடைத்திருக்காது.

இங்கே எல்லோரும் சுகம். சம்பா நட்டுக் களையும் எடுத்தாயிற்று. மழை நடுவில் வயலை மூழ்கடித்தது, நல்லவேளையாக வடிகால் இழுத்துக்கொண்டது, பயிர் தப்பியது. முட்டி வலி பழையபடிதான், அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. என் மட்டக்குதிரை காணும் பொங்கல் பந்தயத்துக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறது.

சரி, உன் குதிரைக்கு வருவோம். சுழி சரியில்லை, அதனால்தான் வாலைத் தேய்க்கிறது, வந்த விலைக்குத் தள்ளிவிடு என்று ஊரில் யாரோ சொன்னதாக எழுதியிருந்தாய். சுழி பார்ப்பதைக் கேலி செய்கிற ஆள் நான் இல்லை. சந்தையில் பாதி விலையைப் பேசுவதே சுழிதானே. ஆனால் சுழி அது பிறக்கும்போதே இருந்தது, தேய்ப்பது ஐப்பசியில்தான் தொடங்கியது என்று நீயே எழுதியிருக்கிறாய். ஆடியில் அந்தியூர் சந்தையில் வாங்கியபோது வால் அடர்த்தியாக இருந்தது என்றும் சொல்கிறாய். அப்படியென்றால் இடையில் என்ன மாறியது என்றுதான் பார்க்க வேண்டும்.

வாலைத் தேய்க்கும் குதிரை எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் கிடையாது. உன்னுடையது பெண் குதிரை, அதனால் முதலில் மடியைப் பார். இரண்டு காம்புகளுக்கும் நடுவே உள்ள மடிப்பில் கறுப்பாகப் பிசின் மாதிரி அழுக்கு சேரும். அந்த இடத்தை அதனால் தொட முடியாது, அரிப்பெடுத்தால் பின்பக்கத்தைத் தூணில் வைத்துத் தேய்க்கத்தான் தெரியும். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியால் மெல்லத் துடைத்து எடு. உதைக்கிற குதிரை என்றால் ஒருவர் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொள்ளட்டும், நீ பக்கவாட்டில் நில். பலருக்கு இதைச் சொல்லவே கூச்சம், அதனால் பார்க்காமலே விட்டுவிடுகிறார்கள்.

அடுத்தது கீரிப்புழு. குதிரைக்கு வருகிற கீரிப்புழு வேறு, நம் பிள்ளைகளுக்கு வருவது வேறு, பயப்படாதே. பெண் புழு குடலிலிருந்து வெளியே வந்து ஆசனவாயைச் சுற்றிப் பசை மாதிரி முட்டையை ஒட்டிவிட்டுப் போகும். அது காய்ந்து மஞ்சளும் வெள்ளையுமாகத் தெரியும். அந்த அரிப்பில் குதிரை வாலின் அடியை மட்டும் தேய்க்கும், பிடரியைத் தொடாது. சாணத்தைப் பரிசோதனைக்குக் கொடுத்தால் பெரும்பாலும் முட்டை அகப்படாது. காலையில் கழுவுவதற்கு முன்னால் செல்லோடேப்பை அந்த இடத்தில் ஒட்டி எடுத்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டிக் கொண்டுபோ. ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி உனக்கு எட்டுகிற தூரம்தான், மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். புழு என்று தெரிந்தால் குடற்புழு மருந்து மட்டும் போதாது. முட்டை ஒட்டிய தூண், தொட்டி எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவ வேண்டும். ஆசனவாயைத் துடைத்த துணியைத் தூக்கி எறிந்துவிட வேண்டும். முட்டையாக உள்ளே போனது வளர்ந்து மறுபடி முட்டையிட ஐந்து மாதம் ஆகும் என்பதால், ஒரு தடவை மருந்து கொடுத்துவிட்டு முடிந்தது என்று நினைத்தால் அடுத்த போகத்தில் திரும்ப வந்து நிற்கும்.

ஆனால் நீ எழுதியதை வைத்துப் பார்த்தால் எனக்குப் புழுவாகத் தோன்றவில்லை. பிடரி மயிரும் பாதி உதிர்ந்துவிட்டது, வயிற்றின் நடுக்கோட்டில் சொரசொரப்பாகத் தடித்திருக்கிறது, சாயங்காலமானால் கால் மாற்றி மாற்றி மிதிக்கிறது என்கிறாய். இது பொடிக்கொசு வேலை. வெள்ளைக்காரர்கள் ஸ்வீட் இச் என்பார்கள்.

அந்தப் பூச்சி ஒன்றிலிருந்து மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும். பெண் பூச்சி மட்டுமே கடிக்கும். ஈரச் சேறு, அழுகிய இலை, சாணம் இருக்கிற இடத்தில் முட்டையிடும். நம் ஊர் ஆடுகளுக்கு மழைக்காலத்தில் வருகிற நீலநாக்கு நோயைப் பரப்புவதும் இந்தக் கூட்டம்தான். ஆனால் இந்த அரிப்பு விஷயத்தில் பூச்சி எந்த நோயையும் கொண்டுவந்து விடுவதில்லை. கடிக்கும்போது உள்ளே போகிற எச்சில்தான் சில குதிரைகளுக்கு ஒத்துக்கொள்வதில்லை. ஒரே கொட்டகையில் நிற்கும் இரண்டில் ஒன்று ஒன்றுமே நடக்காத மாதிரி புல் தின்னும், மற்றது தோல் கிழியும்வரை தேய்க்கும். குடும்பத்தில் ஓடுகிற குணம் இது. அதனால் இந்தக் குதிரையைக் குட்டிக்கு விடலாமா என்று நீ கேட்டதற்கு என் பதில், வேண்டாம். அழகான குதிரைதான், எனக்கும் ஆசைதான், இருந்தாலும் வேண்டாம்.

இன்னொன்று என் மனதில் ஓடுகிறது. ஐஸ்லாந்துத் தீவில் வெகுகாலமாகக் குதிரையைக் கடிக்கும் பொடிக்கொசுவே கிடையாது. அங்கே பிறந்து வளர்ந்த குதிரையை ஐரோப்பாவுக்கு விற்றால், பூச்சி அதிகமான இடங்களில் பாதிக் குதிரைகளுக்கு வரை இந்த அரிப்பு வந்துவிடுகிறது. அதே சாதி, ஐரோப்பாவிலேயே பிறந்தது என்றால் அவ்வளவு வருவதில்லை. குட்டியிலிருந்தே கடி வாங்கிய உடம்பு பழகிக்கொள்கிறது, வளர்ந்த பிறகு முதல்முதலாக வாங்கிய உடம்பு கலவரப்படுகிறது. (அந்தத் தீவை விட்டு ஒருமுறை வெளியே போன குதிரையை மறுபடி உள்ளே விடவே மாட்டார்கள், அது தனிக் கதை.) உன் குதிரை கத்தியவாடிச் சாதி, குஜராத்தின் வறண்ட சௌராஷ்டிரத்து மண்ணில் வளர்ந்து நேராகப் பாபநாசத்துச் சேற்றுக்கு வந்திருக்கிறது. அதற்கும் இப்படித்தான் ஆகியிருக்கும் என்பது என் கணிப்பு. நம் பக்கத்து நாட்டுக் குதிரைகள் இவ்வளவு அவதிப்பட்டு நான் பார்த்ததில்லை.

நீ கேட்டது மருந்து. நான் சொல்லப்போவது இடம். கோபித்துக்கொள்ளாதே.

போன தடவை வந்தபோது பார்த்தேனே, கொட்டகையை எங்கே போட்டிருக்கிறாய்? ஒரு பக்கம் வாய்க்கால், ஒரு பக்கம் மூங்கில் கொத்து, பின்னால் எருக்குழி. பூச்சிக்குக் கல்யாண மண்டபம் கட்டிக் கொடுத்திருக்கிறாய். மேட்டூர் திறந்து தண்ணீர் வந்ததிலிருந்து தை அறுவடை வரை அந்த மூலையில் ஈரம் காயாது. புத்தகங்களில் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை என்று போட்டிருப்பது குளிர்நாட்டுக் கணக்கு. நமக்கு வாய்க்கால் கணக்குதான்.

பொடிக்கொசுவால் நன்றாகப் பறக்க முடியாது. மணிக்கு 8, 10 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தாலே அதற்குத் திண்டாட்டம். கடற்கரையை ஒட்டியிருக்கிற எங்கள் ஊரில் சாயங்காலக் காற்று பாதி வேலையைப் பார்த்துக்கொள்கிறது. உனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஆனால் களம் இருக்கிறதே? வீட்டுக்கு மேற்கே மேடாக, மரம் இல்லாமல், நாலு பக்கமும் திறந்து கிடக்கிறது. குதிரையை அங்கே மாற்று. கூரை மட்டும் போதும், கீழே செங்கல் பரப்பு. எருக்குழியை முடிந்த அளவு தள்ளிப் போடு, சாணியைத் தினமும் அள்ளு. கூரையடியில் உயரமாக ஒரு பெரிய ஃபேன் மாட்டு. ஒயர் குதிரை வாய்க்கு எட்டக் கூடாது. கரண்ட் போகிற நேரத்துக்கு என்னிடம் வழி இல்லை, உன் மகனிடம் கேள், அவன்தான் எல்லாவற்றுக்கும் பேட்டரி வைத்திருக்கிறானே.

அப்புறம் நேரம். பூச்சி அதிகம் கடிப்பது பொழுது சாயும்போதும் விடியும்போதும். இந்த மாதத்தில் நாலரை மணிக்கே உள்ளே கட்டி ஃபேனைப் போட்டுவிடு. காலையில் வெயில் நன்றாக ஏறிய பிறகு வெளியே விடு. விடியற்காலையில் ஓட்டிப் பழக்க வேண்டும் என்று உன் பையன் நிற்கிறான் என்று தெரியும். பத்து மணிக்கு ஓட்டச் சொல், தை வரைக்கும்தானே.

சாதாரணக் கொசுவலை கட்டிப் பயனில்லை, கண் பெரிது, பூச்சி நுழைந்துவிடும். நெருக்கமாக நெய்த மெல்லிய பருத்தித் துணிதான் வேண்டும். பழைய வேட்டிகளை இணைத்துக் கழுத்து, முதுகு, வயிறு, வாலின் மேல்பகுதி மறைகிற மாதிரி ஒரு போர்வை தைக்கச் சொல். டெய்லர் சிரிப்பார், சிரிக்கட்டும். சாயங்காலமும் இரவும் மட்டும் போடு. நம் பகல் புழுக்கத்தில் போட்டால் வேர்வையிலேயே புதுப்புண் வந்துவிடும்.

இப்போது இருக்கிற புண்ணுக்கு டாக்டரைக் காட்டு. ஈ மொய்த்துப் புழு வைத்துவிட்டால் அது வேறு தலைவலி. யாரோ ஒருவர் ஊசி போட்டு ஒரே வாரத்தில் அடங்கிவிட்டது, பிறகு மறுபடி வந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். அது ஸ்டீராய்டாக இருக்கும். கேட்கும், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அடிக்கடி போட்டால் குளம்புக்குள் அழற்சி வந்து குதிரை நிற்க முடியாமல் போகிற ஆபத்து உண்டு. எப்போது, எவ்வளவு என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். மண்ணெண்ணெய், வண்டியில் வடித்த பழைய ஆயில் இதெல்லாம் தடவச் சொல்லி யார் வந்தாலும் திண்ணையில் உட்காரவைத்துக் காபி கொடுத்து அனுப்பிவிடு. தோல் வெந்து போகும். புண் இல்லாத இடத்தில் எண்ணெய் தடவினால் பூச்சி உட்காரத் தயங்கும், அதில் தவறில்லை. பூச்சிமருந்து அடித்தால் அன்றைக்குக் குதிரையைக் குளத்தில் இறக்காதே, மீன் செத்து மிதக்கும், பஞ்சாயத்தில் நீதான் பதில் சொல்ல வேண்டும்.

வால் மயிர் சீக்கிரம் வராது. வேர் கெடாமல் இருந்தால் மெல்ல வளரும். தோல் மடிப்பு மடிப்பாகத் தடித்துவிட்ட இடத்தில் மட்டும் கொஞ்சம் வழுக்கையாகவே நிற்கலாம். அடுத்த ஆனியில், தண்ணீர் வருவதற்கு முன்னாலேயே போர்வையைப் போட ஆரம்பித்துவிடு. தேய்க்க ஆரம்பித்த பிறகு நிறுத்துவது கஷ்டம்.

காணும் பொங்கலுக்குத் திருக்கடையூர் வந்துவிடு. தரங்கம்பாடி வரை குதிரை வண்டி எல்கைப் பந்தயம். நம் பழைய கூட்டத்தில் பாதிப் பேர் சாலையோரம் நிற்பார்கள். தங்கச்சியையும் பேத்தியையும் கூட்டி வா. செல்லோடேப் பரிசோதனையில் என்ன வந்தது என்று அதற்கு முன்னால் ஒரு வரி எழுது.

அன்புடன்,
உன் மச்சான்

பின்குறிப்பு: மாட்டு உண்ணிக்கு வாங்கி வைத்திருக்கும் மருந்தைக் குதிரைக்கும் அடிக்கலாமா என்று கேட்டிருந்தாய். பாட்டிலில் அமிட்ராஸ் என்று போட்டிருந்தால் கூடவே கூடாது. குதிரைக்குக் குடல் அசைவு நின்று, சாணம் இறுகி, வயிற்றுவலியில் புரளும், உயிருக்கே ஆபத்து. அந்தப் பாட்டிலை மாட்டுக்கொட்டகையிலேயே வை, குதிரை பார்க்கும் பையனுக்கும் சொல்லிவிடு.