பிடிபட்ட ஆமைகளுக்கு நோட்டில் தனித்தனிப் பக்கம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விமான நிலையத்தில் நட்சத்திர ஆமைகள் பிடிபட்டன என்று செய்தி வந்தால், எத்தனை ஆமைகள், எந்த நாட்டுக்குக் கடத்தல் என்பதோடு முடிந்துவிடுகிறது. அப்புறம் அவை என்ன ஆயின என்று யாரும் கேட்பதில்லை. மீட்ட ஆமைகளைப் பராமரிக்கும் ஓர் இடத்தில் வேலை பார்த்தவன் நான், ஊர் மாதவரம். எங்கள் வடசென்னை வீடுகளில் ஆசைக்கு வளர்த்துவிட்டு, வழக்கு வரும் என்று தெரிந்ததும் பயந்துபோய் ஒப்படைத்த ஆமைகளும் அங்கே இருந்தன.

எல்லாவற்றையும் ஒரே அடைப்பில் விட்டு, ஓட்டின் மேல் நெயில் பாலிஷால் எண் எழுதியிருந்தார்கள். மண்ணிலும் புதரிலும் உரசி 8 பாதி அழிந்து 3 ஆகிவிடும். ‘3 சரியாகச் சாப்பிடவில்லை’ என்று காலையில் வந்தவர் நோட்டில் எழுதினால், மாலையில் வருபவர் எந்த மூன்றைத் தேடுவார்? மூக்கில் நீர் ஒழுகும் ஆமை மருந்தில்லாமல் கிடக்க, நன்றாக இருப்பது ஊசி வாங்கிக்கொள்ளும். பார்க்கவே வேதனையாக இருக்கும்.

இத்தனைக்கும் அழியாத அடையாளம் அதன் உடம்பிலேயே இருக்கிறது. முதுகில் நடுவரிசையில் 5 தகடுகள், இரு பக்கமும் நான்கு நான்கு. ஒவ்வொன்றிலும் மஞ்சள் கோடுகள் விரிந்து போகும். எத்தனை கோடு, எது தடிமன், எது பாதியில் நிற்கிறது என்று பார்த்தால் ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. சிலவற்றுக்குத் தகடே ஒன்று கூடுதலாக இருக்கும். ஈரத்துணியால் துடைத்து, பக்கத்தில் ஸ்கேல் வைத்து, முதுகுக்கு ஒரு படம், அடி ஓட்டுக்கு ஒரு படம் எடுத்தால் போதும். ரொம்ப நேரம் தூக்கிப் பிடிக்கக் கூடாது. பயந்தால் உள்ளே சேர்த்து வைத்த நீரையெல்லாம் விட்டுவிடும். கோடையில் அது பெரிய இழப்பு. வளர்கிற குட்டிகளுக்குத் தகட்டின் ஓரத்தில் புது வளையம் சேர்ந்துகொண்டே வரும், ஆகவே படத்தை அவ்வப்போது புதிதாக எடுக்க வேண்டும்.

வளர்ந்த ஆமைகளுக்கு விளிம்புத் தகடுகளில் அரத்தால் சின்ன வெட்டு போட்டு எண் குறிக்கும் முறை உண்டு. அமெரிக்காவில் ஃபிரெட் கேகிள் 1939இல் வெளியிட்ட முறை அது. எண் பதிந்த, அரிசி அளவு மைக்ரோசிப்பைக் கால்நடை மருத்துவர் பின்னங்கால் பக்கம் தோலுக்கடியில் வைத்துவிட்டால் இன்னும் நல்லது. ஓடு கெட்டிப்படாத குட்டிகளுக்கு இரண்டும் வேண்டாம், படமே போதும்.

எடைதான் நோட்டில் முக்கியம். ஆமையைக் கவிழ்த்த கிண்ணத்தின் மேல் உட்கார வைத்தால் கால் எட்டாது, தராசை விட்டு நகராது. கூட்டத்தின் மொத்த எடையைப் பார்த்து நிம்மதி அடைந்தால் தேயும் ஒன்று தெரியாமலே போகும். இன்னொன்றும் உண்டு. ஒரு பெட்டையின் எடை ஏறிக்கொண்டே வந்து திடீரென்று இறங்கினால் உடனே பயப்பட வேண்டாம். அடைப்பில் எங்காவது மண்ணைத் தோண்டி முட்டையிட்டு மூடியிருக்கலாம், தேடிப் பார்க்க வேண்டும். நோட்டில் ஒவ்வொன்றுக்கும் தனிப்பக்கம் இல்லாவிட்டால் இதெல்லாம் எப்படித் தெரியும்?

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தத்துக்குப் பிறகு நட்சத்திர ஆமை முதல் அட்டவணையில், புலிக்குச் சமமான பாதுகாப்பில் இருக்கிறது. அப்படிப்பட்ட உயிரை ‘பெட்டி ஒன்று, ஆமை இவ்வளவு’ என்று மொத்தமாக எழுதி வைப்பது சரியில்லை. பிடித்த அன்றே படமும் எடையும், எங்கே யாரிடம் பிடிபட்டது என்பதும் ஏறட்டும். வடமேற்கு இந்தியா, தென்னிந்தியா, இலங்கை என மூன்று பகுதிகளில் வாழும் இனம் இது; காட்டில் விடும்போது எந்தப் பகுதியைச் சேர்ந்தது என்று பார்த்துத்தான் விட வேண்டும். வேறு இடத்துக்கு மாற்றினால் நோட்டில் உள்ள அதன் பக்கமும் ஆமையோடு போகட்டும்.

அடுத்த முறை இப்படிச் செய்தி சேகரிக்கப் போகும் உங்கள் நிருபர், ஒவ்வொன்றுக்கும் தனிப் பதிவு போட்டாயிற்றா என்று அதிகாரிகளிடம் கேட்டு, அந்தப் பதிலையும் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மாதவரம், சென்னை.