ஐந்தாம் வகுப்போடு பசி நின்றுவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் வறுமை பற்றிப் பேச்செடுத்தாலே உடனே திட்டங்களின் பட்டியலை வாசிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். திட்டங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, எம்.ஜி.ஆர். 1982இல் கொண்டுவந்த சத்துணவில் தட்டு ஏந்தி வளர்ந்தவன் நான். காலை உணவுத் திட்டமும் நல்ல திட்டம்தான். 2022இல் மதுரையில் 1,545 பள்ளிகளுக்கென்று தொடங்கியது, மறு வருடமே எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. ஆனால் அது ஐந்தாம் வகுப்போடு சரி.

எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் பெற்றோர் சார்பில் இருக்கிறேன். ஒரு புதன்கிழமை காலை போனபோது மூன்றாம் வகுப்புப் பையன் வரிசையில் உட்கார்ந்து பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான், ஆறாம் வகுப்பு படிக்கும் அவன் அக்கா தம்பியின் பையையும் சேர்த்துத் தோளில் மாட்டிக்கொண்டு தூணோரம் நின்றாள். "நீ சாப்பிட்டியாம்மா?" என்றேன். "ஆச்சு சார்" என்றாள், முகத்தைப் பார்க்காமல். அம்மா ஆறு மணிக்கே சித்தாள் வேலைக்குக் கிளம்பிவிடுகிறவர் என்று அப்புறம்தான் தெரிந்தது. மிச்சம் இருந்தால் சமைக்கிற அக்கா கூப்பிட்டு ஒரு கரண்டி வைப்பாராம், ஆனால் அதைக் கணக்கில் காட்ட முடியாது.

யார் ஏழை என்று வருமானச் சான்றிதழை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்பார்கள். எங்கள் தெருவில் கடை வைத்திருப்பவருக்கும் கூலிக்குப் போகிறவருக்கும் சான்றிதழில் ஒரே வருமானம், 72,000. சிரிக்கத்தான் வேண்டும். அந்தத் தாளைவிட காலை வழிபாட்டில் யார் தலைசுற்றி உட்காருகிறார்கள் என்று கவனிக்கிற டீச்சருக்கு அதிகம் தெரியும்.

பத்தாம் வகுப்பு முடிந்தால் மதியச் சத்துணவும் கிடையாது. பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவந்தால் உண்டு, இல்லையென்றால் குழாய்த் தண்ணீர். கல்லூரிக்குப் போய்விட்டால் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் என்று மாதம் 1,000 ரூபாய் வருகிறது, சரி, அதுவரை போய்ச் சேர வேண்டுமே!

காலை உணவை ஒரேயடியாக எல்லாப் பள்ளிக்கும் கேட்கவில்லை. நடுநிலைப் பள்ளிகளில் ஆறு முதல் எட்டு வரை முதலில் சேர்க்கட்டும். அடுப்பு அங்கேயே இருக்கிறது, சமைக்கிற மகளிர் குழுவினரும் இருக்கிறார்கள். அரிசியும் ரவையும் பருப்பும்தான் கூடுதலாக வேண்டும்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் ஒருவர்