பச்சைப் புள்ளி பார்த்துத்தான் வாங்கினேன்

காசிமேடு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது. போன் இருக்கும்போது கடிதம் எதுக்கு என்று சிரிப்பாய். போனில் பேசினால் உன் தம்பி பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். நீயும் இரண்டு நிமிஷத்துக்கு மேல் நிற்பதில்லை. சாப்பிட்டியா என்றால் ஆச்சும்மா என்கிறாய். என்ன சாப்பிட்டே என்றால் உடனே மீட்டிங் வந்துவிடுகிறது. பொங்கலுக்கு வந்து போனதிலிருந்து இப்படித்தான். சரி, வேலை இருக்கும். ராத்திரி பத்து மணிக்குச் சாப்பிடாதே, எட்டுக்கே முடித்துவிடு.

இங்கே மீன்பிடித் தடைக்காலம். ஜூன் 14 வரைக்கும் லாஞ்செல்லாம் கரையில்தான். அப்பா வாசலில் வலையைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஃபைபர் போட்டுக்காரர்கள் கொண்டுவருகிற கொஞ்ச மீனும் எட்டாத விலை, அதனால் என் கூடையும் மூலையில் கிடக்கிறது. 61 நாள் சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும். அப்போதுதான் நீ வாங்கி அனுப்பிய ஓவன் ஞாபகம் வந்தது. இத்தனை நாள் அதன்மேல் தலையணை உறை அடுக்கி வைத்திருந்தேன். உள்ளே பார்த்தால் உன் அப்பாவின் பீடிக்கட்டு! எல்லாவற்றையும் எடுத்துப் போட்டுத் துடைத்துவிட்டு, பொங்கலுக்கு வந்தபோது நீ வாயூறச் சொன்னாயே, மெடிட்டரேனியன் பீட்சா, அதைச் செய்து பார்த்தேன். ஒரு தடவை இல்லை, நாலு தடவை.

முதல் தடவை கல்லு. கொதிக்கிற தண்ணீரில் ஈஸ்டைப் போட்டுக் கொன்றுவிட்டேன். பிள்ளையைக் குளிப்பாட்டுகிற சூடு போதும். 300 கிராம் மைதாவுக்கு ஒரு டீஸ்பூன் ஈஸ்ட், ஒரு டீஸ்பூன் சர்க்கரை. பத்து நிமிஷத்தில் நுரைத்து வந்தால்தான் மாவில் ஊற்றவேண்டும். நுரைக்கவில்லையா, யோசிக்காமல் கொட்டிவிடு. முக்கால் டீஸ்பூன் உப்பு, இரண்டு பெரிய ஸ்பூன் ஆலிவ் எண்ணெய். சப்பாத்தி மாவைவிடத் தளர்வாக இருக்கவேண்டும். கையில் ஒட்டத்தான் செய்யும், அதுக்காக மேலும் மேலும் மாவைத் தூவாதே. இங்கே அடிக்கிற வெயிலுக்கு முக்கால் மணியில் இரண்டு மடங்காகிவிடுகிறது. மறந்து விட்டால் இட்லி மாவு மாதிரி புளித்துப்போகும்.

பிசையும்முன் கையைப் புளியும் உப்பும் வைத்து மூன்று தடவை தேய்த்தேன். மீனைத் தொட்டுப் பதினைந்து நாளாச்சு, இருந்தாலும். வண்ணாரப்பேட்டைக்குப் போய்ப் புதுக் கத்தி, புதுப் பலகை, புதுத் தட்டு வாங்கினேன். நம்ம அருவாமனை பக்கமே போகவில்லை. இதை ஏன் எழுதுகிறேன் என்றால், நீ வரும்போது தைரியமாகச் சாப்பிடலாம். யாருக்காக விட்டாய், எதுக்காக விட்டாய் என்று நான் கேட்கவில்லை.

சீஸையும் பச்சைப் புள்ளி பார்த்துத்தான் வாங்கினேன். உனக்குத் தெரியுமோ என்னவோ, இத்தாலிக்காரன் பார்மசான் சீஸில் பாலை உறையவைக்கக் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுத்ததைப் போடுவானாம். உன் தம்பி போனில் காட்டினான். நீ அங்கே ஓட்டலில் போய்ப் பால்தானே என்று சாப்பிட்டுவிடாதே, கேட்டுச் சாப்பிடு. ஃபெட்டா என்பது கிரேக்க நாட்டு ஆட்டுப்பால் சீஸாம், உப்புத் தண்ணீரிலேயே ஊறிக் கிடக்குமாம். அது எனக்கு எங்கே கிடைக்கும்? மின்ட் தெருவில் பன்னீர் வாங்கி உதிர்த்து, உப்பைத் தூக்கலாகப் போட்டு, எலுமிச்சம்பழம் பிழிந்து ஒரு ராத்திரி வைத்தேன். குறை சொல்ல முடியவில்லை. கறுப்பு ஆலிவைப் பார்த்து அப்பா நாவல்பழம் என்று வாயில் போட்டுக்கொண்டு முகத்தைச் சுளித்தார். அது மரத்தில் பழுத்தாலும் கசக்குமாம், மாவடு மாதிரி உப்புத் தண்ணீரில் போட்டுத்தான் ருசி வரவைக்கிறார்களாம்.

தக்காளி வத்தல் நானே போட்டேன். இரண்டாகப் பிளந்து, விதையை வழித்துவிட்டு, உப்புத் தூவி, அப்பாவின் பழைய வேட்டியால் மூடி, மூன்று நாள் வெயில். முன்னெல்லாம் இங்கே மாடியில் எதைக் காயவைத்தாலும் கறுத்துப்போகும், நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போது வெள்ளைச் சீருடை எல்லாம் சாம்பலாகுமே. 2011-இல் துறைமுகத்து நிலக்கரி எண்ணூர்ப் பக்கம் போனபிறகுதான் கொஞ்சம் மூச்சு விடுகிறோம். பாவம், எண்ணூர்க்காரர்கள்.

குடைமிளகாய், வெங்காயம் மெல்லிசாக இருக்கட்டும். அந்த நாட்டுக்காரர்கள் கத்தரிக்காயும் போடுகிறார்கள். நம்ம பக்கத்துக் காய்தானாம், அரபுக்காரர்கள் கையோடு அங்கே போனதாம். வட்டமாக நறுக்கி, உப்புப் பிசறிக் கால் மணி வைத்து, துணியில் ஒற்றி, தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் வாட்டிப் போடு. பச்சையாக வைத்தால் தண்ணீர் விட்டு அடி மாவைக் கூழாக்கிவிடும்.

கத்தரிக்காய் என்று எழுதிவிட்டேன். இனிமேல் மறைத்து என்ன.

காணும் பொங்கலன்று இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாயே, கத்தரிக்காய்க் குழம்பு. எங்களுக்கு இறால் தொக்கு வைத்தேன் இல்லையா, அந்த இறால் தலையெல்லாம் வேகவைத்த தண்ணீரை வடிகட்டி உன் குழம்பில் ஊற்றினேன். கை தவறி இல்லை பாப்பா. தெரிந்தேதான் ஊற்றினேன். மீன் விற்ற காசில் படித்த பொண்ணு மீனே வேண்டாம் என்றதும், என் கூடையை எட்டி உதைத்த மாதிரி இருந்தது. பள்ளிக்கூட வாசலுக்குக் கூடையோடு வராதே என்று ஒன்பதாவதில் சொன்னாயே, அதுவும் சேர்ந்துகொண்டது. ஒரு வாய் உள்ளே போனால் தன்னால் வழிக்கு வருவாள் என்று நினைத்தேன். நீ தட்டை வழித்துவிட்டு, இந்த ருசி அங்கே வராதும்மா என்றாய். நான் அடுப்புப் பக்கம் திரும்பிச் சிரித்தேன். ஜெயித்துவிட்டேனாம்.

ராத்திரி சட்டி கழுவும்போது உன் தம்பி ஒரு இறால் மீசையைப் பார்த்துவிட்டான். இருநூறு ரூபாய் கொடுத்து, சொல்லாதே என்றேன். அவன் வாயைப் பற்றி உனக்குத் தெரியும்.

ஓவனை 250-இல் வைத்து, தட்டையும் உள்ளேயே விட்டு இருபது நிமிஷம் காயவிடு. நேப்பிள்ஸ் ஊரில் விறகடுப்பு 400 டிகிரிக்கு மேல் எரியுமாம், ஒன்றரை நிமிஷத்தில் எடுத்துவிடுவார்களாம். நமக்குப் பன்னிரண்டு நிமிஷமாவது ஆகும். நாலாவது பீட்சா நன்றாகவே வந்தது. எதிர்வீட்டு அக்காவுக்கு ஒரு துண்டு கொடுத்து, என் பொண்ணு புனேயில் இதுதான் செய்வாள் என்று பீற்றிக்கொண்டேன். அப்பா மூன்று துண்டு தின்றுவிட்டு, சோறு எங்கே என்றார்.

திட்டுவதானால் திட்டிவிடு. இப்படிப் பேசாமல் இருக்காதே. உனக்கு எதுவுமே தெரியாமல், நிஜமாகவே மீட்டிங்தான் என்றால், நானே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன், போகட்டும். தம்பி சொன்னானா, இல்லையா? அதை மட்டும் எழுது.

அம்மா

பி.கு: தக்காளி வத்தல் கால் கிலோ தனியாகக் கொரியரில் வரும். ஃபிரிட்ஜில் வை. அது காய்ந்தது மேல்வீட்டு மாடியில். அங்கே யாரும் கருவாடு போடுவதில்லை, நான் போய்ப் பார்த்துவிட்டுத்தான் பாயை விரித்தேன்.